ஊரும் பேரும் முறையும்: கரோல் பாக் தமிழரின் குடும்ப வரலாறுகள் – ஒரு மொழியியல் திறனாய்வு

1. முன்னுரை

தில்லியில் மூன்று, நான்கு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் குடும்ப வரலாற்றைத் தொகுத்து உறவினர்க்குள் வழங்கும் வழக்கம் உள்ளது. பெரும்பாலும் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இப்பணியை மேற்கொள்கிறார். எண்பதாம் ஆண்டு நிறைவு போன்ற விழாக்களில் இச்சிறு நூல்கள் வழங்கப்படுகின்றன. இவை விலைக்கு வருவதில்லை. நூலகங்களைச் சென்று சேர்வதும் அரிது. இவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒரே தன்மையது. பூர்வீக ஊரைப் பற்றி ஒரு பக்கம், குலதெய்வத்தைப் பற்றி ஒரு பத்தி, மூதாதையர் சிலரின் புகைப்படங்கள், இறுதியில் மடித்து வைக்கப்பட்ட ஒரு பெரிய குடிவழிப் படம் ஆகியன காணப்படும். பேரக் குழந்தைகள் தமிழ் படிக்க அறியார் என்பதால் மொழி ஆங்கிலமாகவே இருக்கும்.

இவ்வகை நூல்களை வரலாற்றாசிரியர் பொருட்படுத்துவதில்லை, மொழியியலாரும் நோக்கியதில்லை. எனினும், ஊரைவிட்டுப் பெயர்ந்த ஒரு சிறு சமுதாயம் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் சான்று என்ற வகையில் இவை கருதத்தக்கன. இவற்றை மொழிபெயர்ப்புகள் என்றே கொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து. தமிழ்ப் பெயர்முறையிலும் உறவுமுறைச் சொற்களிலும் பொதிந்திருந்த வரலாற்றை ஆங்கிலப் பெயர்முறைக்கும் ஆங்கில உறவுச் சொற்களுக்கும் இவை பெயர்க்கின்றன. அப்பெயர்ப்பில் எவை இழக்கப்படுகின்றன, அவ்விழப்பால் வரலாறு எவ்வாறு திரிகிறது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றைக் கரோல் பாக் பகுதியைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்நூல்கள் தனிப்பட்டோர்க்கு உரியவையாதலால் எந்தவொரு நூலும் இங்குப் பெயர் சுட்டி மதிப்பிடப்படவில்லை. திறனாய்வுக்கு உட்படுவது வகையேயன்றித் தனி நூலன்று. எடுத்துக்காட்டாக வரும் குடும்பம் கட்டுரையாளரால் அமைத்துக்கொள்ளப்பட்டது.

2. களம்

பிரித்தானிய இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்ற அறிவிப்பு 1911 டிசம்பரில் வெளியாயிற்று. புதுதில்லி 1931இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. தலைமைச் செயலகத்திற்கு எழுத்தர்களும் கணக்கர்களும் சுருக்கெழுத்தர்களும் தேவைப்பட்டனர். சென்னை மாகாணத்தில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் பலர் இப்பணிகளை நாடி வந்தனர். கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்குமாக அரசு இடம் பெயர்ந்தபோது இவர்களும் உடன் பெயர்ந்தனர். இவர்தம் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டு 1923இல் மதராசி கல்விச் சங்கம் தோன்றியது. அதுவே பின்னர்த் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் எனப் பெயர் மாறியது. அக்கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று கரோல் பாக்கில் பூசா சாலையில் உள்ளது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் நிறுவப்பட்டது.

கரோல் பாக்கே பெயர்ந்து வந்தோரின் குடியிருப்பாகும். புதுதில்லி கட்டப்பட்டபோது மாதோகஞ்ச், ஜெய்சிங்புரா, ராஜா கா பஜார் முதலிய சிற்றூர்களிலிருந்து அகற்றப்பட்டோர் 1920களில் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவிய திப்பியா கல்லூரி 1921இல் காந்தியடிகளால் இங்குத் திறந்துவைக்கப்பட்டது. 1947இல் இங்கிருந்த முஸ்லிம்களில் மிகப் பலர் வெளியேற, மேற்குப் பஞ்சாப், சிந்து ஆகிய பகுதிகளிலிருந்து வந்த அகதிகள் குடியேறினர். பஞ்சாபியர் கட்டிய வீடுகளின் மாடிகளிலும், பர்சாத்தி எனப்படும் மொட்டைமாடி அறைகளிலும் தமிழர் வாடகைக்கு இருந்தனர்.

இங்குள்ள பெயர்களே புலப்பெயர்வின் பதிவுகளாக விளங்குதல் காண்க. பூசா என்பது பீகாரிலுள்ள ஓர் ஊர். அங்கு 1905இல் நிறுவப்பட்ட வேளாண் ஆய்வு நிலையம் 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்தமையால் 1936இல் தில்லிக்கு மாற்றப்பட்டது. நிலையத்தோடு ஊர்ப்பெயரும் உடன் வந்து சாலைக்குப் பெயராயிற்று. 'மதராசி' என்ற சொல்லின் வரலாறும் இத்தகையதே. தென்னாட்டார் அனைவரையும் ஒன்றாகச் சுட்டிய அச்சொல்லை 1923இல் ஒரு சங்கம் தன் பெயராகவே ஏற்றது. பின்னர் அவ்விடத்தில் 'தமிழ்' வந்தமர்ந்தது. பிறர் இட்ட பெயர் நீங்கித் தாம் கொண்ட பெயர் நிலைபெற்றதை இம்மாற்றம் காட்டுகிறது.

அலுவலகப் பணி நாடி வந்த தமிழருள் பிராமணர் மிகுதியாதலின், கீழே எடுத்தாளப்படும் உறவுச்சொற்கள் பெரிதும் பிராமணர் பேச்சு வழக்கைச் சார்ந்தவை.

3. தலைப்பெழுத்தும் ஊர்ப்பெயரும்

தமிழ்ப் பெயரின் மரபான அமைப்பு ஊர், தந்தை, இயற்பெயர் என்னும் வரிசையினது. சங்கப் புலவர் பெயர்களிலேயே இவ்வரிசை தெளிவாக அமைந்துள்ளது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் ஆகிய பெயர்களை நோக்குக. முதலில் ஊர், அடுத்துத் தந்தை, இறுதியில் ஆள். முதலாம் இராசேந்திரன் காலத்துக் கரந்தைச் செப்பேடுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்க்கு நிலம் வழங்கியதைக் கூறுகையில் அவர்தம் ஊரையும் கோத்திரத்தையும் சேர்த்தே பெயர்களைப் பொறித்துள்ளன. புதிய ஊரில் குடியமர்த்தப்பட்டவனும் பழைய ஊராலேயே அறியப்பட்டான். இக்காலத் தலைப்பெழுத்து இந்நெடிய மரபின் சுருக்கமேயாகும். உ.வே.சா. என்பதில் உத்தமதானபுரம் என்னும் ஊரும், வேங்கடசுப்பையர் என்னும் தந்தையும், சாமிநாதன் என்னும் ஆளும் இருத்தலை அனைவரும் அறிவர். அவர்தம் 'என் சரித்திரம்' முதலில் ஊரைக் கூறி அதன் பின்னரே முன்னோரைக் கூறுவதும் இவ்வரிசையைத் தழுவியதே எனலாம்.

இவ்வரிசை தமிழ்த் தொடரமைப்போடு இயைந்தது. தமிழில் அடை முன்னும் தலைச்சொல் பின்னும் வரும். ஊரும் தந்தையும் அடை, இயற்பெயர் தலைச்சொல். எனவே பெயரின் கடைசிச் சொல் ஆளைக் குறிக்கிறது. ஆங்கில முறையிலும் வட இந்திய முறையிலும் கடைசிச் சொல் குடியைக் குறிக்கிறது. இவ்விரு முறைகளும் தில்லியின் விண்ணப்பப் படிவத்தில் எதிர்ப்படுகின்றன.

கும்பகோணம் ராமசாமி வெங்கடராமன் என்பவர் 1940களில் கே.ஆர். வெங்கடராமன் என்ற பெயரோடு பணியில் சேர்ந்தார் எனக் கொள்வோம். அவர்தம் அலுவலகத்தார் கடைசிச் சொல்லைக் குடிப்பெயர் எனக் கருதி 'மிஸ்டர் வெங்கடராமன்' என்றனர். அதனால் பிழையொன்றும் நேரவில்லை, ஆளையே அழைத்தனர். அவர்தம் மனைவி 'மிஸஸ் வெங்கடராமன்' ஆனார். ஒருவரின் இயற்பெயர் மற்றொருவர்க்குக் குடிப்பெயராயிற்று. மூத்த மகன் பள்ளியில் ராமசாமி வெங்கடராமன் எனப் பதிவு பெற்றான். இரண்டாம் மகன் பம்பாய்க்குச் சென்றபின் 'ஐயர்' என்பதைக் குடிப்பெயராக ஏற்றான். மூன்றாம் மகன் தலைப்பெழுத்தையே வைத்துக்கொண்டான். மகள் திருமணத்திற்குப்பின் கணவனின் இயற்பெயரைத் தன் பெயரின் இறுதியில் ஏற்றாள். ஒரு வீட்டில் பிறந்த நால்வரின் மக்களுக்கு நான்கு வகையான இறுதிப் பெயர்கள் அமைந்தன. கும்பகோணம் அவற்றுள் எதிலும் இல்லை.

சாதிப் பட்டத்தைக் குடிப்பெயராக ஏற்கும் இவ்வழக்கம் தமிழகத்தின் போக்குக்கு நேர்மாறானது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரோடு சாதிப் பட்டம் சேர்ப்பதைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. காலப்போக்கில் தமிழகப் பொதுவாழ்வில் பட்டங்கள் மறைந்தன. அங்கு மறைந்தது வடக்கில் படிவத்தின் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகத் திரும்பி வந்தது. இரண்டும் ஒரே சொல்லாயினும் பொருளும் பயனும் வேறு. குடும்ப வரலாற்று நூல்களோ இறுதியாக நிலைத்த பெயரையே மூதாதையர்க்கும் ஏற்றிவிடுகின்றன. ஊர்ப்பெயரால் அறியப்பட்ட கொள்ளுத்தாத்தாவை அவர் ஒருநாளும் கேட்டறியாத குடிப்பெயரால் படத்தில் பொறித்தல் வரலாற்றுத் திரிபேயாகும்.

எழுத்துமுறை பற்றியும் ஒரு கருத்து ஈண்டு நோக்கற்பாலது. தமிழில் தலைப்பெழுத்து உயிர்மெய்யாக அமைகிறது. கு. என எழுதின் கும்பகோணமாகலாம், க. எனின் கல்லிடைக்குறிச்சியாகலாம், கா. எனின் காரைக்குடியாகலாம் என ஓரளவேனும் பகுத்துணர முடியும். உரோமன் எழுத்தின் 'கே' இவை அனைத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. 'டி' என்பது தஞ்சாவூரையும் திருநெல்வேலியையும் டகர முதற்பெயர்களையும் வேறுபடுத்தாது. ஆங்கிலத் தலைப்பெழுத்தே ஆவணமாக எஞ்சும்போது ஊரை மீட்டெடுக்கும் வாய்ப்புப் பெரிதும் குறைகிறது.

தலைப்பு இடத்தில் ஊரும் தந்தையுமே வரவேண்டும் என்பதும் மாறாத விதியன்று. தில்லியில் நெடுங்காலம் வாழ்ந்த எழுத்தாளர் பார்த்தசாரதி தம் மனைவியின் பெயரை முன்னிறுத்தி இந்திரா பார்த்தசாரதி ஆனார். தமிழ்ப் பெயரின் முன்னிடம் நெகிழ்ச்சியுடையது என்பதற்கு இது சான்று. அவ்விடத்தில் இருப்பது யாது எனக் கேட்டறிந்து பதிவு செய்தல் தொகுப்பாளரின் முதற்கடமை.

4. பெயரன்

'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடும் வழக்கம் தமிழரிடையே பரவலாக உண்டு. இவ்வழக்கால் பெயர்கள் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் திரும்பத் திரும்ப வரும். ராமசாமியின் மகன் வெங்கடராமன், அவன் மகன் ராமசாமி, அவன் மகன் வெங்கடராமன் எனத் தொடர் செல்லும். தந்தைப் பெயரின் தலைப்பெழுத்தை மட்டும் சேர்த்து எழுதினால் பாட்டனும் பேரனும் ஒருவரேபோல் 'ஆர். வெங்கடராமன்' ஆவர். ஊரும் ஆண்டும் இன்றி அவர்களைப் பிரித்தறிய இயலாது.

குடிப்பெயர் நிலைத்தவுடன் இச்சுழற்சி நின்றுவிடுகிறது. 'வெங்கடராமன்' குடும்பத்திற்குரிய நிலையான பெயராகிவிட்டபின் அதனையே ஒரு குழந்தைக்கு இடுவதில் பொருளில்லை. கொள்ளுப்பேரன் 'ரோஹித் வெங்கடராமன்' ஆகிறான். பாட்டன் பெயர் அவனிடம் இருக்கிறது; ஆனால் அவன் பெயரனல்லன். ஒரு மனிதரை நினைவுகூரும் பெயர் ஒரு குழுவைச் சுட்டும் பெயராக மாறிவிட்டது. குடும்ப நூல்கள் இம்மாற்றத்தை வெறும் நாகரிகப் பெயர் விருப்பமாகக் கூறிச் செல்கின்றன. பெயர்முறை மாற்றமே பெயரிடும் வழக்கத்தை முறித்தது என்பது அவற்றில் உணரப்படவில்லை.

பாட்டன் பெயரை மருமகள் வாயால் கூறலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தமையால் பெயரனுக்கு வீட்டில் வேறு பெயர் வழங்கும். அம்பி, பட்டு, கிச்சா, ராஜி என வரும் இப்பெயர்கள் ஆவணங்களில் இடம்பெறா. வாய்மொழி நினைவிலோ இவையே வாழ்கின்றன. சாமிநாதையரின் இயற்பெயர் வேங்கடராமன். வீட்டில் வழங்கிய 'சாமா' என்ற பெயரை அடியாகக் கொண்டே ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைச் சாமிநாதன் என்றழைத்தார். வீட்டுப் பெயரை விடுத்து ஆவணப் பெயரை மட்டும் கொள்ளும் தொகுப்பாளர்க்கு, முதியோர் சொல்லும் கதையில் வரும் 'கிச்சா' யார் எனத் தெரியாமற்போகும்.

5. உறவுமுறைச் சொற்கள்

திராவிட உறவுமுறையின் தனித்தன்மையை உலகம் அறிந்ததில் தமிழுக்கு முதன்மையான இடமுண்டு. அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில் தமிழ் உறவுச்சொற்களின் பட்டியல் இடம்பெற்றது. நியூயார்க் மாநிலத்துச் செனகா பழங்குடியினரின் முறையோடு தமிழ்முறை ஒத்திருத்தல் கண்டு அவர் வியந்தார். பிரெஞ்சு மானிடவியலார் லூயி டூமோன் 1953இல் எழுதிய கட்டுரையில், திராவிட உறவுச்சொற்கள் மணவுறவின் வெளிப்பாடு என விளக்கினார். தாமஸ் டிரவுட்மன் 1981இல் திராவிட உறவுமுறை பற்றி விரிவான நூல் எழுதினார். இத்துணை ஆய்வுகள் இருந்தும் குடும்ப வரலாறு எழுதுவோரிடம் இவ்வறிவு சென்று சேரவில்லை.

முதற்கண் பங்காளிமுறைக்கும் மணமுறைக்கும் உள்ள வேறுபாடு. தந்தையின் உடன்பிறந்தான் மக்களும் தாயின் உடன்பிறந்தாள் மக்களும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை ஆவர். தாயின் உடன்பிறந்தான் மக்களும் தந்தையின் உடன்பிறந்தாள் மக்களும் மணத்திற்குரிய முறையினர். பிராமணர் வழக்கு இம்முறையினரை மேலும் நுணுக்கமாகப் பகுக்கிறது. மாமன் மகன் அம்மாஞ்சி, மாமன் மகள் அம்மங்காள். அத்தை மகன் அத்தான், அத்தை மகள் அத்தங்காள். முதலிரு சொற்களிலும் தாய்மாமனைக் குறிக்கும் 'அம்மான்' என்ற பழஞ்சொல் உறைந்துள்ளது. இந்நான்கு சொற்களும் பங்காளி முறையினரின் நான்கு சொற்களும் ஆங்கிலத்தில் 'கசின்' என ஒன்றாகிவிடுகின்றன. இந்தியிலும் இவர்கள் அனைவரும் பாயி, பஹன் என உடன்பிறப்புச் சொற்களாலேயே குறிக்கப்பெறுவர். பஞ்சாபி அண்டை வீட்டாரோடு வளர்ந்த கரோல் பாக் குழந்தைக்கு அம்மாஞ்சி 'கசின் பிரதர்' ஆனதில் வியப்பில்லை.

இவ்வேறுபாடு சட்டத்திலும் இடம் பெறுகிறது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், தடைசெய்யப்பட்ட உறவுகளைக் கூறுகையில் உடன்பிறந்த ஆண்–பெண் இருவரின் மக்களையும், சகோதரர் இருவரின் மக்களையும், சகோதரியர் இருவரின் மக்களையும் தனித்தனியே விரித்துரைக்கிறது. வழக்காறு இருப்பின் விலக்களிக்கிறது. அத்தை மகளை மணந்தவரின் வரலாற்றில் 'கசினை மணந்தார்' என எழுதுவது ஆங்கில வாசகர்க்கு ஒரு விந்தைச் செய்தியாகவும், இந்தி வாசகர்க்கு முறைகேடாகவும் தோன்றும். தமிழில் அது எதிர்பார்க்கப்பட்ட மணம். முறைப்பெண் என்ற சொல்லே அதனை உணர்த்திவிடும். மொழிபெயர்ப்பாளரின் ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் ஒழுகலாறு ஐயத்திற்குரியதாகிவிடுதல் கூடும்.

ஒரு சொல் பல உறவுகளைக் குறித்தலால் நேரும் மயக்கமும் உண்டு. தந்தையின் தம்பியும் சித்தப்பா. தாயின் தங்கை கணவரும் சித்தப்பா. முன்னவர் குடியைச் சேர்ந்தவர். பின்னவர் வேறு குடியினர். 'சித்தப்பா அழைத்து வந்தார்' என்ற முதியவரின் கூற்றைக் கேட்டு அச்சித்தப்பாவைத் தந்தையின் உடன்பிறந்தார் வரிசையில் சேர்த்துவிட்டால் குடிவழியில் அயலார் ஒருவர் புகுந்துவிடுவார். 'அத்திம்பேர்' என்ற சொல் அத்தை கணவரையும் அக்காள் கணவரையும் குறிக்கிறது. இருவரும் வேறு தலைமுறையினர். 'அத்திம்பேர் வீட்டில் தங்கி வேலை தேடினேன்' என்ற தொடரை மொழிபெயர்க்க வேண்டுமாயின் முதலில் எந்த அத்திம்பேர் எனக் கேட்டாக வேண்டும். அம்மாஞ்சி என்பது பொதுவழக்கில் ஏமாளி என்னும் பொருளையும் பெற்றுவிட்டமையால், பழைய கடிதமொன்றில் வரும் அச்சொல்லை 'அப்பாவி' எனப் பெயர்க்கும் இடரும் உண்டு. அண்டை வீட்டாரையும் மாமா, மாமி என விளிக்கும் வழக்கம் இரத்த உறவையும் மணவுறவையும் தேடுவோர்க்கு மற்றுமொரு மயக்கத்தைத் தருகிறது.

6. மூங்கிலும் மரமும் கொடியும்

குடிவழியைக் குறிக்கும் சொற்களின் உருவகங்கள் எண்ணத்தக்கன. வடமொழி 'வம்சம்' மூங்கிலைக் குறிக்கும் சொல். கணுக்கணுவாக ஒரே தண்டாக உயர்வது மூங்கில். ஆங்கில உருவகம் மரம். ஓர் அடியிலிருந்து கிளைகள் விரிகின்றன. தமிழில் 'கொடிவழி' என்ற சொல் உண்டு. கொடி பக்கவாட்டில் படர்வது. பற்றுவதற்குப் பிறிதொன்றை வேண்டுவது. உருவகத்தை அளவுக்கு மீறி வற்புறுத்த வேண்டுவதில்லை. எனினும் கரோல் பாக்கின் வரலாற்றுக்கு மூன்றனுள் பொருந்துவது கொடியே.

தில்லிக்கு வந்த இளைஞன் தந்தைவழியே வந்தவனல்லன். அவன் தந்தை ஊரில் இருந்தார். அவனுக்கு இடம் தந்தவர் அக்காள் கணவராகவோ, தாய்மாமனாகவோ, சித்தியின் கணவராகவோ இருந்தார். வேலை கிடைத்தபின் அவன் தன் மனைவியின் தம்பியை வரவழைத்தான். இவ்வாறு பெண்களின் வழியே ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஒரு சமுதாயம் தில்லியில் படர்ந்தது. குடும்ப நூல்களின் இறுதியிலுள்ள மரப்படமோ ஆண்வழியை மட்டுமே நெடுகக் காட்டுகிறது. பெண்கள் அதில் ஒரு தலைமுறை தோன்றி மறைகின்றனர். அவர்தம் மக்கள் வேறொரு குடும்பத்தின் படத்திற்கு உரியவராகின்றனர். ஆதலின் 'இவர் தில்லிக்கு ஏன் வந்தார்?' என்ற வினாவுக்கு இப்படங்கள் விடை கூறுவதில்லை. யாருடைய வீட்டில் வந்து இறங்கினார் என்பதற்குரிய கோடு அப்படத்தில் வரையப்படவே இல்லை. சம்பந்தி, ஓரகத்தி, ஷட்டகர் என மணவுறவால் இணைந்தோரைச் சுட்டத் தமிழ் வழக்கில் தனிச்சொற்கள் இருக்க, அவ்வுறவுகளைக் காட்டப் படத்தில் இடமில்லை.

ஒப்புநோக்குக்காக நகரத்தாரைக் கருதலாம். அவர்தம் ஒன்பது நகரக் கோயில்களின் வழியே மணமுறை வரையறுக்கப்படுகிறது. மணமான ஒவ்வோர் ஆடவனும் தன் மனையாளோடு ஒரு 'புள்ளி'யாகக் கோயிற் கணக்கில் இடம்பெறுகிறான். அங்குக் குடிவழியைக் காக்கும் பொறுப்பு நிறுவனத்தினது. கரோல் பாக் எழுத்தர் குடும்பங்களுக்கு அத்தகைய நிறுவனம் ஏதுமில்லை. அவர்களுக்கு மொழியே பதிவேடாக இருந்தது. அதனால்தான் மொழி மாறும்போது இழப்பும் மிகுகிறது.

7. புதிய நிலப்பெயர்

இழப்பை மட்டும் கூறி அமைதல் முறையன்று. தலைப்பெழுத்திலிருந்து ஊர் நீங்கிய அதே காலத்தில் பேச்சில் வேறோர் அமைப்புத் தழைத்தது. கரோல் பாக் பெரியப்பா, லோதி காலனி அத்தை, ராமகிருஷ்ணபுரம் மாமா என வரும் தொடர்களே அவை. தொல்காப்பியம் பெயரியலில் நிலப்பெயரும் முறைப்பெயரும் பெயர் வகைகளாகக் கூறப்படும். ஈண்டு நிலப்பெயர் அடையாக, முறைப்பெயர் தலைச்சொல்லாக இணைந்து ஓர் ஆளுக்குரிய தனிப்பெயர் உருவாகிறது. ஊர், தந்தை, ஆள் என்ற பழைய அமைப்பின் முதற்கூறு இங்கே வேறு வடிவில் மீண்டும் தோன்றியுள்ளது எனலாம்.

இத்தொடர்கள் தில்லியின் வரலாற்றையும் உள்ளடக்கியுள்ளன. அரசுக் குடியிருப்பு ஊழியரின் பதவித் தரத்திற்கேற்ப ஒதுக்கப்படுவது. ஓய்வு பெற்றபின் காலி செய்யப்பட வேண்டுவது. கரோல் பாக்கிலோ வீடு தனியாரிடம் வாடகைக்கு எடுக்கப்பட்டது. ஒதுக்கீட்டுக்குக் காத்திருந்தவரும், ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாதவரும் அங்கு வாழ்ந்தனர். எனவே ஒரே ஆள் சில ஆண்டுகள் 'லோதி காலனி மாமா'வாக இருந்து பின்னர்க் 'கரோல் பாக் மாமா' ஆவதுண்டு. அடைமொழியின் மாற்றமே அவர்தம் பணி வரலாற்றின் கால அட்டவணையாகிறது. அவர் வேறிடம் சென்ற பின்னரும் பழைய அடை நீங்காது நிற்பின், அக்குடும்பத்தின் நினைவில் எந்த வீடு மையமாக இருந்தது என்பதை அது காட்டுகிறது. குடும்ப நூல்கள் இத்தொடர்களை வீட்டுப் பேச்சென ஒதுக்கிவிட்டு 'மாமா' என்பதற்கு ஆங்கிலச் சொல்லை இட்டு நிரப்புகின்றன. உள்ளூர் வரலாற்றின் மிகச் சிறந்த சான்று அங்கேயே கைவிடப்படுகிறது.

8. எழுதப்படாத குடிவழிகள்

தில்லித் தமிழர் எல்லோரும் செயலகத்தார் அல்லர். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி கேம்ப் என்னும் குடிசைப் பகுதியில் தமிழகத்திலிருந்து வந்த உழைப்பாளர் பல பத்தாண்டுகளாக வாழ்ந்தனர். தில்லி உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2025 ஜூன் முதல் நாளில் அப்பகுதி இடிக்கப்பட்டது. தகுதியுடையோர் எனக் கணிக்கப்பட்டோர்க்கு நகரின் வட கோடியிலுள்ள நரேலாவில் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. இத்தகைய மறுகுடியமர்வில் வாக்காளர் பட்டியல் முதலிய ஆவணங்களில் பெயர் உள்ளதா என்பதே தகுதிக்கு அளவுகோல்.

1923இல் சங்கமொன்று கைக்கொண்டு பின்னர் நீக்கிய 'மதராசி' என்ற சொல் இங்குக் குடியிருப்பின் பெயராக இறுதிவரை நின்றது. பெயரைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் வசதியைப் பொறுத்ததே என்பது இதனால் புலனாகும். கரோல் பாக்கில் பெயர் மாறினால் குடும்ப நூலில் ஒரு குழப்பம் நேரும், அவ்வளவே. குடிசைப் பகுதியில் வாழ்பவர்க்கு ஆவணப் பெயரே வீட்டுரிமைக்குச் சான்று. இவர்களின் குடிவழியை எவரும் நூலாக எழுதவில்லை. ஊர், பேர், முறை ஆகிய மூன்றும் இவர்களிடமும் உள்ளன. அவை வாய்மொழியில் மட்டுமே உள்ளன. பிராமணர் அல்லாதார் வழக்கில் உறவுச்சொற்கள் வேறுபடுதலின், முற்கூறிய பகுப்புகளை இவர்கள் மீது அவ்வாறே ஏற்றுதலும் ஆகாது. தில்லித் தமிழர் வரலாறு என்ற தலைப்பில் செயலகத் தமிழரின் வரலாற்றை மட்டும் எழுதி அமைவது குறையுடைய ஆய்வாகும்.

9. தொகுப்பாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில் சில நெறிகளைக் கூறலாம்.

அ. ஒவ்வொருவர் பெயரையும் அவர் வாழ்ந்த காலத்தில் வழங்கியவாறே பதிவு செய்க. தலைப்பெழுத்துகளை விரித்து எழுதுக. ஆவணப் பெயர், வீட்டுப் பெயர், பிற்காலக் குடிப்பெயர் மூன்றையும் தனித்தனியே காட்டுக.

ஆ. உறவுச்சொல்லைத் தமிழிலேயே நிறுத்தி, முதல் வருகையில் விளக்கம் தருக. ஆங்கிலத்தில் எழுதும் நூலிலும் அம்மாஞ்சியை அம்மாஞ்சி என்றே எழுதலாம். 'தாயின் உடன்பிறந்தான் மகன்' என்ற விளக்கம் ஒருமுறை போதும்.

இ. ஒரு சொல் இரு உறவுகளைக் குறிக்குமிடத்துத் தகவலாளரிடம் கேட்டுத் தெளிக. யார் வழி, எந்தத் தலைமுறை என்ற இரண்டு வினாக்கள் பெரும்பாலான மயக்கங்களைத் தீர்க்கும்.

ஈ. குடிவழிப் படத்தில் ஆண்வழிக் கோட்டோடு, யார் யாரை நகருக்கு அழைத்து வந்தார் என்பதைக் காட்டும் கோடுகளையும் வேறு நிறத்தில் வரைக. பெண்களின் பிறந்த ஊரும் பிறந்த குடியும் இடம்பெறுக.

உ. 'கரோல் பாக் பெரியப்பா' போன்ற தொடர்களை, அவை வழங்கிய காலத்தோடு தொகுக்க.

10. முடிவுரை

ஊர், பேர், முறை என்ற மூன்றும் தமிழர் குடிவழியைக் காத்துவந்த மொழிக் கருவிகள். கரோல் பாக்கின் குடும்ப வரலாறுகள் அன்போடு எழுதப்பட்டவை; உழைப்பும் மிகுந்தவை. ஆயினும் எந்தக் கருவிகளால் அவ்வரலாறு நினைவில் நின்றதோ அவற்றையே அவை நீக்கிவிடுகின்றன. எஞ்சுவது பெயர்களும் ஆண்டுகளும் நிறைந்த ஒரு பட்டியல். தமிழ் படிக்க அறியாத பேரனுக்காகவே நூல் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது என்பது ஏற்கத்தக்க காரணமே. ஆனால் அப்பேரனுக்குத் தன் பெயரின் கடைசிச் சொல் ஒரு காலத்தில் ஒரு மனிதரின் இயற்பெயராக இருந்தது என்பதும், அவருக்கு முன் ஓர் ஊர் இருந்தது என்பதும், அவரைத் தில்லிக்கு அழைத்து வந்தவர் ஓர் அத்திம்பேர் என்பதும் அந்நூலிலிருந்தே தெரிய வேண்டும். அதனைத் தெரிவிக்க முழு நூலும் தமிழில் இருக்க வேண்டுவதில்லை. இருபது முப்பது தமிழ்ச் சொற்கள் போதும். அச்சொற்களை இன்றும் பிழையின்றி வழங்கும் தலைமுறையினர் முதுமை எய்தியுள்ளனர். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் பணியை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இப்போதே மேற்கொள்ளல் வேண்டும்.